நிக் சுசூகியை அளக்க ‘என்எச்எல் எட்ஜ்’ போதுமா?

மாண்ட்ரியால் கனேடியன்ஸ் என்னும் ஐஸ் ஹாக்கி அணியின் ரசிகர்களிடையே சில ஆண்டுகளாக ஓயாமல் நடந்துவரும் வழக்கு ஒன்று உண்டு. அணியின் முதல் வரிசை சென்டரும் (முன்கள வரிசையின் நடுவே ஆடுபவர்) தலைவருமான நிக் சுசூகி, கானர் மெக்டேவிட், நேதன் மெக்கினன் போன்ற லீகின் தலைசிறந்த சென்டர்களோடு ஒரே பந்தியில் உட்காரத் தகுந்தவரா, அல்லது நல்ல ஆட்டக்காரர் என்ற அளவில் நின்றுவிடுபவரா என்பதே அது. இதற்குத் தீர்ப்பு கிடைக்கும் என்ற நம்பிக்கையோடுதான், தேசிய ஹாக்கி லீக் (என்எச்எல்) தன் இணையதளத்தில் இலவசமாக வழங்கும் ‘என்எச்எல் எட்ஜ்’ என்னும் புள்ளிவிவரச் சேவையைப் பயன்படுத்தத் தொடங்கினேன். சேவை தரமானது. ஆனால் என் கேள்விக்கு அது பாதிப் பதிலையே தருகிறது. அந்தப் பாதி எது என்று தெரியாமல் படிப்பவரைத் தவறான தீர்ப்பில் கொண்டுபோய் நிறுத்திவிடவும் அதனால் முடியும்.

முதலில் சேவையைப் பற்றி. 2023 அக்டோபரில் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட இத்தளத்தில் 2021-22 பருவம் முதலான தரவுகள் கிடைக்கின்றன. ஆட்டக்காரர்களின் சட்டையில் தோள்பட்டைப் பகுதியில் பொருத்தப்பட்ட சிறு கருவிகளும், அகச்சிவப்பு ஒளியை உமிழும் பக்கும் (பந்துக்குப் பதில் ஆடப்படும் ரப்பர் வட்டு), அரங்கின் மேற்பகுதியில் உள்ள கருவிகளும் சேர்ந்து ஒவ்வோர் அசைவையும் பதிவுசெய்கின்றன. பக்கின் இடம் மட்டும் விநாடிக்கு 60 முறை பதிவாகிறது. இவற்றிலிருந்து சறுக்கும் வேகம், கடந்த தூரம், ஷாட்டின் வேகம், ஷாட் எடுத்த இடம், தாக்குதல் பகுதியிலும் நடுப்பகுதியிலும் தற்காப்புப் பகுதியிலும் கழிந்த நேரத்தின் விகிதம் ஆகியவை கணக்கிடப்பட்டு, ஒவ்வோர் ஆட்டக்காரரின் பெயருக்குக் கீழும் லீகின் சராசரியோடு சேர்த்துக் காட்டப்படுகின்றன. மைல் கணக்கு பழகாதவர்கள் கிலோமீட்டருக்கு மாற்றிக்கொள்ளலாம். இருவரை அருகருகே வைத்து ஒப்பிடும் வசதியும் உண்டு. நான் இத்தளத்துக்குப் போனதே அதற்காகத்தான்.

மெக்டேவிட் அல்லது மெக்கினனின் பக்கத்தைத் திறக்கும்போது இச்சேவையின் அருமை உடனே புரிந்துவிடும். மணிக்கு 18 முதல் 20 மைல், 20 முதல் 22 மைல், 22 மைலுக்கு மேல் என்று மூன்று படிகளாகப் பிரித்து, ஒரு பருவத்தில் எத்தனை முறை அந்த வேகத்தைத் தொட்டார்கள் என்று தளம் எண்ணிச் சொல்கிறது. 22 மைல் என்பது மணிக்கு ஏறக்குறைய 35 கிலோமீட்டர். அந்த வேகத்தில் வருபவரைப் பின்னோக்கிச் சறுக்கியபடி தடுக்க வேண்டிய தற்காப்பு ஆட்டக்காரரின் நிலையை எண்ணிப் பார்த்தால், மெக்டேவிட்டின் எட்மண்டன் அணிக்கு எதிரே ஆடுபவர்கள் தம் பகுதியின் எல்லையான நீலக்கோட்டைக் காக்காமல் ஏன் பின்வாங்கிக்கொண்டே போகிறார்கள் என்பது விளங்கும். மெக்டேவிட் அறிமுகமான 2015-16 பருவத்திலிருந்து நம் கண்கள் கண்டதற்கும், ஆல்-ஸ்டார் வேகப் போட்டியை அவர் நான்கு முறை வென்றதற்கும் இங்கே எண்ணால் சான்று கிடைக்கிறது. வேகமே ஆயுதமாக உள்ள ஆட்டக்காரரை அறிய இதைவிட நல்ல கருவி பொதுமக்கள் கையில் இல்லை என்றே சொல்வேன்.

சுசூகியின் பக்கத்துக்கு வரும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. வேகம் அவருடைய பலம் அன்று. ஷாட்டின் வலிமையும் அன்று. ஓர் அளவில் ஆட்டக்காரர் லீகின் மேல்பாதியில் இருந்தால் நூற்றுக்கு எத்தனையாவது இடம் என்று துல்லியமாகச் சொல்லும் தளம், கீழ்ப்பாதியில் இருந்தால் ‘50-க்குக் கீழ்’ என்று மட்டும் எழுதிவிட்டு நிறுத்திக்கொள்கிறது. யாரையும் புண்படுத்த வேண்டாம் என்ற நல்லெண்ணமாகக்கூட இருக்கலாம். ஆனால் 48-ஆம் இடத்தில் இருப்பவரையும் 5-ஆம் இடத்தில் இருப்பவரையும் ஒரே சொல்லால் மூடிவிடுவது, ஒப்பிட வந்தவனைப் பொறுத்தவரை கதவைச் சாத்துவதற்குச் சமம். மேலும் இந்த வரிசை முன்கள ஆட்டக்காரர்கள் அனைவரையும் ஒன்றாகச் சேர்த்துப் போடப்படுகிறது. சென்டரும், பக்கவாட்டில் ஆடும் விங்கரும் தனித்தனியாகப் பிரிக்கப்படவில்லை. தன் பகுதியில் கோலுக்கு அருகே வரை இறங்கித் தற்காப்பு ஆட்டக்காரர்களுக்குத் துணை நிற்க வேண்டிய சென்டரின் ஓட்டமும், நீலக்கோட்டருகே காத்திருந்து பக் கிடைத்ததும் முன்னே பாயும் விங்கரின் ஓட்டமும் ஒரே வகை அல்ல. சமையல்காரரையும் பரிமாறுபவரையும் அடிக்கணக்கு வைத்து ஒப்பிட்டால் என்ன கிடைக்குமோ, அதுதான் இங்கும் கிடைக்கிறது.

ஆகவே பழைய கணக்கேட்டைப் புரட்டினேன். 2024-25 பருவத்தில் சுசூகி 82 ஆட்டங்களில் 30 கோல், 59 அசிஸ்ட் (கோலுக்கு வழிவகுத்த பாஸ்), ஆக 89 புள்ளிகள் எடுத்தார். 1995-96-இல் பியர் டர்ஜனும் வின்சென்ட் டாம்ஃபூஸும் 90-ஐக் கடந்த பிறகு அதுவரை கனேடியன்ஸ் ஆட்டக்காரர் ஒருவர் ஒரு பருவத்தில் எடுத்த அதிகப் புள்ளிகள் இவையே. அதே பருவத்தில் மெக்கினன் 79 ஆட்டங்களில் 116, லியோன் டிரைசைட்டில் 71 ஆட்டங்களில் 106, மெக்டேவிட் 67 ஆட்டங்களில் 100, ஜாக் ஐக்கல் 77 ஆட்டங்களில் 94, சிட்னி கிராஸ்பி 80 ஆட்டங்களில் 91. ஆட்டத்துக்கு எத்தனை புள்ளி என்று வகுத்துப் பார்த்தால் முதல் மூவரும் 1.47-க்கும் 1.49-க்கும் இடையே நிற்கிறார்கள், ஐக்கல் 1.22, கிராஸ்பி 1.14, சுசூகி 1.09. மேல்மாடியில் மூவர் இருக்கிறார்கள். அதற்கும் அடுத்த தளத்துக்கும் இடையே உள்ள படிக்கட்டு நீளமானது. அந்த அடுத்த தளத்தில் சுசூகி, கிராஸ்பிக்கு அருகிலேயே நிற்கிறார். வழக்கின் முதல் பாதிக்கு இதுவே தீர்ப்பு. இதைச் சொல்ல எந்தக் கருவியும் தேவைப்படவில்லை.

மேல்மாடியில் இல்லாத ஒருவர், அந்த மூவரின் கால்வேகமும் இல்லாமல், 89 புள்ளிகளை எப்படி எடுத்தார் என்பதுதான் மறுபாதி. ஆட்டத்தைப் பார்ப்பவர்களுக்கு விடை தெரியும். பக்கோடு நீலக்கோட்டைத் தாண்டியதும் சுசூகி வேகத்தைக் குறைக்கிறார். எதிரே உள்ள தற்காப்பு ஆட்டக்காரர் முன்னே வருவதா பின்னே போவதா என்று தயங்கும் அந்த ஓர் இமைப்பொழுதில், அவருடைய வரிசையின் விங்கர் கோல் காஃபீல்ட் தனக்கு வாய்ப்பான இடத்துக்கு நகர்ந்துவிடுகிறார். பக் அங்கே போய்ச் சேருகிறது. அப்பருவத்தில் காஃபீல்ட் எடுத்த 37 கோல்களுக்கும், சிறந்த புதுமுகத்துக்கான கால்டர் கோப்பையை வென்ற, அதே அணியின் தற்காப்பு ஆட்டக்காரர் லேன் ஹட்சனின் 66 புள்ளிகளுக்கும் பின்னால் இந்தத் தாமதத்தின் கை இருக்கிறது. மெக்டேவிட் நேரத்தை எதிராளியிடமிருந்து பறிக்கிறார். சுசூகி அதைத் தன் கூட்டாளிகளுக்கு வாங்கித் தருகிறார். வேகமாகப் போனதை மூன்று படிகளாக எண்ணும் தளத்தில், வேண்டுமென்றே மெதுவாகப் போனதை எண்ண ஒரு பத்திகூட இல்லை.

இந்தக் குறை சுசூகிக்கு மட்டும் உரியது அன்று என்பதைக் கவனிக்க வேண்டும். 2024-25-இல் கிராஸ்பி, ஆட்டத்துக்கு ஒரு புள்ளி என்ற சராசரிக்குக் குறையாமல் 20 பருவங்களை முடித்து, வெய்ன் கிரெட்ஸ்கியின் 19 பருவச் சாதனையை முறியடித்தார். 37 வயதில் அதைச் செய்தவர் கால்வேகத்தால் செய்திருக்க முடியாது. பக்கைக் கோலுக்குப் பின்னால் உடலால் மறைத்து வைத்துக்கொள்வதும், ஒரு கையால் எதிராளியைத் தள்ளிவைத்தபடி மறுகையால் பாஸ் கொடுப்பதும் அவருடைய கலை. அலெக்சாண்டர் பார்க்கோவும் இப்படித்தான். தற்காப்பில் சிறந்த முன்கள ஆட்டக்காரருக்கான செல்கி விருதை 2021, 2024, 2025 ஆகிய ஆண்டுகளில் பெற்ற ஃபுளோரிடா அணியின் அந்த சென்டரை உயர்த்திக் காட்டுவது, எதிரணியின் முதல் வரிசைக்குக் கிடைக்காமல் போன வாய்ப்புகள். நடக்காமல் போனவற்றை எந்தக் கருவியால் எண்ண முடியும்?

அதற்கு மாற்றாக, தாக்குதல் பகுதியில் கழிந்த நேரத்தின் விகிதத்தைப் பார்க்கலாமே என்று ஒருவர் கேட்கக்கூடும். நானும் அதைத்தான் முதலில் நம்பினேன். ஆனால் அந்த எண் ஓர் ஆட்டக்காரருடையதாகத் தோன்றினாலும், அவரோடு களத்தில் இருக்கும் மற்ற நால்வருக்கும் பெரும் பங்குள்ள எண். எதிரணியின் வலுவான வரிசைக்கு எதிராகவே அனுப்பப்படுபவருக்கும், பாதுகாப்பான நேரம் பார்த்து இறக்கப்படுபவருக்கும் அது வேறு வேறு பொருள் தரும். மெக்கினனின் அணியான கொலராடோவில் தற்காப்பு ஆட்டக்காரர் கேல் மக்கார் பின்னாலிருந்து பக்கை ஏற்றித் தரும்போது மெக்கினனுக்குக் கிடைக்கும் தொடக்கமும், இளம் தற்காப்பு வரிசையை நம்பி ஆடிய மாண்ட்ரியாலில் சுசூகிக்குக் கிடைத்த தொடக்கமும் சமமல்ல.

சேவையில் எனக்கு மிகவும் பயன்பட்ட பகுதி வேகக் கணக்கு அன்று. ஷாட் எடுத்த இடங்களைக் காட்டும் வரைபடம். பவர் பிளேயில், அதாவது தண்டனையால் எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் நேரத்தில், கோல் கோட்டுக்கு மிக அருகே, வேறு யாரும் ஷாட் அடிக்கத் துணியாத ஒடுங்கிய கோணத்திலிருந்து டிரைசைட்டில் கோல் எடுப்பதைப் பலரும் அறிவார்கள். அவர் 2024-25-இல் 52 கோல்களோடு லீகின் முதலிடத்தைப் பிடித்தவர். சென்டர்களின் வரைபடங்களைப் பருவம் பருவமாக அடுத்தடுத்துத் திறந்து பார்த்தால், ஒவ்வொருவரும் களத்தின் எந்தத் துண்டைத் தமக்கென்று எழுதிவைத்திருக்கிறார்கள் என்பது கைரேகைபோலத் தெரிகிறது. யார் சிறந்தவர் என்று அது சொல்வதில்லை. யார் எப்படிப்பட்டவர் என்று சொல்கிறது. ஒப்பிடுபவனுக்கு அதுவே மேலான உதவி.

தளத்துக்கு வெளியே உள்ள ஓர் அளவையும் இங்கே சேர்த்தாக வேண்டும். அது இல்லாமல் எந்த ஒப்பீடும் நிறைவு பெறாது. சுசூகியின் ஒப்பந்தம் எட்டு ஆண்டுகளுக்கு 6.3 கோடி அமெரிக்க டாலர், அதாவது ஆண்டுக்குச் சராசரியாக 78.75 லட்சம் டாலர். மெக்கினனுக்கு 1.26 கோடி, டொராண்டோ அணியின் சென்டர் ஆஸ்டன் மேத்யூஸுக்கு 1.325 கோடி, 2025-26 முதல் டிரைசைட்டிலுக்கு 1.4 கோடி. ஓர் அணியின் மொத்த ஊதிய உச்சவரம்பு 2024-25-இல் 8.8 கோடி டாலராக இருந்தது. அதில் சுசூகி எடுத்துக்கொண்டது ஏறக்குறைய 9 விழுக்காடு, மெக்கினன் 14 விழுக்காட்டுக்குச் சற்று மேல். இடையில் மிஞ்சும் தொகையில் இன்னொரு நல்ல தற்காப்பு ஆட்டக்காரரை வாங்கிவிடலாம். 2019-இல் அறிமுகமானதிலிருந்து 2024-25 முடிய அணி ஆடிய 455 வழக்கமான பருவ ஆட்டங்களில் ஒன்றைக்கூட சுசூகி தவறவிடவில்லை என்பதையும் இதே தட்டில் வைக்க வேண்டும். ஆட்டத்துக்கான சராசரியில் முந்தும் மெக்டேவிட், அதே 2024-25-இல் 15 ஆட்டங்களை வெளியே உட்கார்ந்து கழித்தார்.

2025 பிப்ரவரியில் நடந்த நான்கு நாடுகள் போட்டிக்கான கனடா அணியில் சுசூகிக்கு இடம் கிடைக்கவில்லை. அந்த இடைவேளைக்கு முன் 25 வெற்றிகளும் கூடுதல் நேரத் தோல்விகளைச் சேர்த்து 31 தோல்விகளுமாகத் தள்ளாடிய மாண்ட்ரியால், அதன்பின் ஆடிய 26 ஆட்டங்களில் 15-ஐ வென்று, வழக்கமான நேரத்தில் ஐந்தில் மட்டுமே தோற்று, கோப்பைக்கான பிளேஆஃப் சுற்றுக்குள் நுழைந்தது. அந்த வாரங்களில் அணியை இழுத்துச் சென்றவர் சுசூகிதான். அவர் திடீரென்று வேகமாகச் சறுக்கத் தொடங்கியதால் வந்த மாற்றம் அன்று அது.

எட்ஜ் தளத்தைப் புதிதாகத் திறப்பவருக்கு என் பரிந்துரை இதுதான்: மெக்டேவிட்டையும் மெக்கினனையும் முதலில் பார்த்து வியந்துகொள்ளுங்கள், அதற்கு அது தகுந்த இடம்; சுசூகியை அவர்களோடு ஒப்பிட வேண்டுமானால் ஷாட் வரைபடத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, வேகப் பத்திகளை மூடிவிட்டு, ஏதேனும் ஓர் ஆட்டத்தின் முழுப் பதிவைப் போட்டு அவர் நீலக்கோட்டைத் தாண்டும் ஒவ்வொரு முறையும் எதிராளியின் கால்களைக் கவனியுங்கள்.