ஜெனரேட்டர் பேனல் பயிற்சிக்குப் பணம் கட்டும் முன் இதைப் படித்துவிடுங்கள்

கோவை, திருப்பூர் பக்கம் டிஜி செட் (டீசல் ஜெனரேட்டர்) சர்வீஸ் பார்க்கிறவர்களுக்கும், ஐடிஐ முடித்துவிட்டு இந்தத் தொழிலுக்கு வரும் பசங்களுக்கும் இந்தப் பதிவு. "ஏஎம்எஃப் பேனல் புரோகிராமிங், வயரிங், முழுக்க முழுக்க செய்முறை, ஆளுக்கொரு பேனல்" என்று வாட்ஸ்அப்பில் ஒரு விளம்பரம் சுற்றுகிறது. ஏஎம்எஃப் பேனல் என்றால் ஈபி போனதும் ஜெனரேட்டரைத் தானாக ஸ்டார்ட் செய்து லோடை மாற்றும் பேனல். அதைப் பார்த்துத்தான் எங்கள் பட்டறையில் இருந்து இரண்டு பசங்களைச் சென்னைக்கு அனுப்பினோம். தலைக்கு 18,500 ரூபாய், தங்கும் செலவு தனி. பணம் போனது ஒரு தனி ஆளின் ஜிபே எண்ணுக்கு. ஜிஎஸ்டி பில் கேட்டால் கடைசி நாள் தருகிறோம் என்றார்கள், இன்றுவரை வரவில்லை.

போய்ப் பார்த்தால் ஒரு ஹாலில் நாற்பது பேருக்கு மேல். மேசையில் ஒரே ஒரு பேனல், அதுவும் பேட்டரி கிடையாது, சின்ன பவர் சப்ளையில் டிஸ்ப்ளே மட்டும் எரிகிறது, அவுட்புட் டெர்மினலில் ஒரு வயர்கூட இல்லை. மீதி நேரமெல்லாம் புரொஜெக்டரில் ஸ்கிரீன்ஷாட். நடுவில் "லைசென்ஸ் சாஃப்ட்வேர்" என்று ஒரு பென்டிரைவ் 3,500 ரூபாய்க்கு, "புரோகிராமிங் கேபிள்" 2,000 ரூபாய்க்கு. அவர்கள் பாடம் எடுத்தது டீப் ஸீ 7320 என்ற ஜெனரேட்டர் கன்ட்ரோலர். அதற்கான கான்ஃபிகரேஷன் சாஃப்ட்வேரை அந்தக் கம்பெனியின் தளத்தில் பதிவு செய்தால் காசில்லாமலே இறக்கிக்கொள்ளலாம். கேபிள் என்று கொடுத்தது பிரின்டருக்குப் போடும் சாதாரண யுஎஸ்பி கேபிள்.

காசு போனதைவிட எனக்கு ஆத்திரம் எதில் என்றால், அவர்கள் கொடுத்த புத்தகத்தில். கன்ட்ரோலரின் எல்லா அவுட்புட்டும் ஒன்றுதான், எதில் வேண்டுமானாலும் எதை வேண்டுமானாலும் போடலாம் என்று அதில் இருக்கிறது. சாஃப்ட்வேரில் ஒரு அவுட்புட்டுக்கு என்ன வேலை என்று மாற்றிக்கொள்ளலாம், அது சரி. ஆனால் கன்ட்ரோலருக்கு உள்ளே இருப்பது ஒன்றல்லவே. 7320-இல் சி, டி என்ற இரண்டு அவுட்புட் மட்டும்தான் தனி ரிலே கான்டாக்ட், 250 வோல்ட் ஏசி 8 ஆம்பியர் தாங்கும், ஈபி கான்டாக்டர், டிஜி கான்டாக்டர் (லோடை ஈபிக்கோ ஜெனரேட்டருக்கோ இணைக்கும் பெரிய சுவிட்சுகள்) காயில்களுக்கு. ஈ முதல் அதற்கு அடுத்த அவுட்புட்கள் பேட்டரி பாசிட்டிவை மட்டும் வெளியே அனுப்பும், 2 ஆம்பியர்தான் அளவு. அதில் பேட்டரி வோல்டேஜுக்கு ஏற்ற ஒரு ரிலேயைப் போட்டு, காயிலின் மறுமுனையை நெகட்டிவில் கட்டி, குறுக்கே ஒரு டையோடு வைத்து, அந்த ரிலே கான்டாக்டில் இருந்துதான் மற்றதை ஓட்ட வேண்டும். இவர்கள் புத்தகத்தில் ஈ, எஃப் இரண்டையும் ஒரு சுவிட்சின் இரண்டு முனைபோல வரைந்து, ஒன்றில் 230 வோல்ட் பேஸ், மற்றதில் கான்டாக்டர் காயில் காட்டியிருக்கிறார்கள்.

எங்கள் பையன் திருப்பூரில் ஒரு நிட்டிங் கம்பெனியில் அந்தப் படத்தைப் பார்த்தே கட்டினான். ஈபி போட்டதும் கன்ட்ரோலருக்குப் பின்னால் டப் என்று சத்தம், பிளாஸ்டிக் கருகும் வாடை, டிஸ்ப்ளே செத்துவிட்டது. நல்லவேளை, ஆள் கை வைக்கவில்லை. கன்ட்ரோலர் நாங்கள் வாங்கிக் கொடுத்தோம். அதைவிடப் பெரிய விஷயம், அதே படத்தில் ஈபி கான்டாக்டருக்கும் டிஜி கான்டாக்டருக்கும் இன்டர்லாக் (ஒன்று பிடித்திருக்கும்போது மற்றது பிடிக்காமல் தடுப்பது) எங்குமே இல்லை, மெக்கானிக்கலும் இல்லை, எலெக்ட்ரிக்கலும் இல்லை. இரண்டும் ஒரே நேரத்தில் பிடித்தால் ஜெனரேட்டர் கரன்ட் ஈபி லைனுக்குப் போகும், கம்பத்தில் ஏறி நிற்கும் லைன்மேன் என்ன ஆவார்? இதைப் பசங்களுக்குச் சொல்லித் தராமல் சான்றிதழ் கொடுத்து அனுப்புகிறவர்களை என்ன சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை.

இன்னொரு பையனுக்கு நடந்தது வேறு. புது வயரிங்கில் ஃப்யூயல், ஸ்டார்ட் இரண்டு அவுட்புட்டிலும் வோல்டேஜ் வரவில்லை, கன்ட்ரோலர் போய்விட்டது என்று பார்ட்டியிடம் சொல்லிவிட்டான். எமர்ஜென்சி ஸ்டாப் பட்டன் வழியாக வரும் பாசிட்டிவ்தான் அந்த இரண்டுக்கும் சப்ளை, அது கட்டவில்லை என்றால் எப்படி வரும்? வகுப்பில் ஒரு தடவை அந்த வயரைக் கழற்றி மாட்டிக் காட்டியிருந்தால் போதும். டீசல் வரத்தைக் கட்டுப்படுத்தும் மின்காந்தமான சோலினாய்டில், கரன்ட் கொடுத்தால் இன்ஜின் ஓடும் வகை, கரன்ட் கொடுத்தால் இன்ஜின் நிற்கும் வகை என்ற வித்தியாசமும் அவர்கள் வாயில் வரவில்லையாம். பழைய மெக்கானிக்கல் பம்ப் இன்ஜின்களில் இது தெரியாமல் ஃப்யூயல் அவுட்புட்டை நிறுத்தும் சோலினாய்டில் கட்டினால் இன்ஜின் ஸ்டார்ட்டே ஆகாது, காயிலும் சூடாகி எரியும்.

அப்புறம் அந்தச் சான்றிதழ். அரசு முத்திரை மாதிரி ஒன்று, கன்ட்ரோலர் கம்பெனி லோகோ ஒன்று. இதை வைத்தே சொந்தமாக வயரிங் எடுக்கலாம் என்று பசங்களிடம் சொல்லியிருக்கிறார்கள். இதற்கும் மின் உரிம வாரியம் கொடுக்கும் தகுதிச் சான்றிதழுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை, தம்பிகளா. நம்பி இறங்கிவிடாதீர்கள்.

வேறு எங்காவது சேருவதாக இருந்தால் பணம் கட்டும் முன் நேரில் போய், ஒரு பேனலுக்கு எத்தனை பேர், நான் கட்டிய ரிலே என் கண் முன்னால் அடிக்குமா, லேப்டாப்பில் நானே கான்ஃபிகரேஷன் மாற்றி ஏற்றலாமா என்று கேளுங்கள். மழுப்பினால் வந்துவிடுங்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு அடுத்த பேட்ச்சில் இலவசமாக உட்காரலாம் என்று பதில். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதிந்திருக்கிறோம். அதே பேட்ச்சில் இருந்தவர்கள் ஜிபே ரசீதையும் விளம்பரத்தையும் அழிக்காமல் வைத்துக்கொண்டு எனக்கு மெசேஜ் போடுங்கள், சேர்ந்து போகலாம். நீல அட்டை போட்ட அந்தப் புத்தகம் உங்கள் கையில் இருந்து, அதைப் பார்த்து எங்காவது பேனல் கட்டிக் கொடுத்திருந்தால் இன்றைக்கே அந்த சைட்டுக்குப் போங்கள். ஈபி மெயினை ஆஃப் செய்து, பேட்டரி நெகட்டிவைக் கழற்றிவிட்டு, ஈ, எஃப் டெர்மினலில் 230 வோல்ட் வயர் இருக்கிறதா, இரண்டு கான்டாக்டருக்கும் இன்டர்லாக் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு அப்புறம் வேறு வேலை பாருங்கள்.