ஒன்பது வோல்ட் மின்கலமும் ஒரு பழைய டார்ச் பல்பும்: வகுப்பறையில் ஃபெட் இணையதளம்

பத்தாம் வகுப்பில் மின்னோட்டவியல் அலகைத் தொடங்கும் ஒவ்வோர் ஆண்டும், பல்பு மின்னோட்டத்தைத் தின்றுவிட்டு மிச்சத்தை மட்டுமே மின்கலத்துக்குத் திருப்பி அனுப்புகிறது என்று நம்பும் மாணவர்கள் வகுப்பில் பாதிப்பேராவது இருப்பார்கள். ஓம் விதியைக் கரும்பலகையில் எத்தனை முறை எழுதினாலும் இந்த நம்பிக்கை அசைவதில்லை. கணக்கைச் சரியாகப் போட்டு முழு மதிப்பெண் வாங்கும் மாணவரிடமும் அது பத்திரமாக இருக்கும். அதை அசைப்பதற்காகத்தான் இரண்டு கல்வியாண்டுகளாக ஃபெட் (PhET) என்ற இணையதளத்தின் சிமுலேஷன்களை, அதாவது திரையிலேயே செய்து பார்க்கும் பாவனைச் சோதனைகளைப் பயன்படுத்திவருகிறேன்.

அமெரிக்காவின் கொலராடோ போல்டர் பல்கலைக்கழகத்தில், 2001ஆம் ஆண்டு இயற்பியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட கார்ல் வீமன் 2002இல் தொடங்கிய திட்டம் இது. இயற்பியலில் தொடங்கி வேதியியல், கணிதம், உயிரியல் என்று விரிந்து, இன்று நூற்றுக்கும் மேற்பட்ட சிமுலேஷன்கள் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. மாணவர்கள் கணக்குத் தொடங்கவும் தேவையில்லை. வெளியிடுவதற்கு முன் மாணவர்களிடமே கொடுத்து, மனத்தில் ஓடுவதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லி, அவர்கள் தடுமாறும் இடங்களைக் கண்டு திருத்துவது இக்குழுவின் வழக்கம். அதனால்தானோ என்னவோ, எந்தச் சிமுலேஷனுக்கும் நான் செயல்முறை விளக்கம் சொல்ல வேண்டியிருந்ததில்லை.

நேர்மின்னோட்டச் சுற்று அமைக்கும் சிமுலேஷனில் 9 வோல்ட் மின்கலம், 10 ஓம் பல்பு, கம்பிகள், சாவி (சுவிட்ச்) ஆகியவற்றை இழுத்து வைத்து இணைத்தால், எலக்ட்ரான்கள் நீல மணிகளாகக் கம்பிக்குள் நகர்வது தெரியும். பல்புக்கு முன்னும் பின்னும் மணிகள் ஒரே வேகத்தில் நகர்கின்றன. அம்மீட்டரை எந்தப் பக்கம் வைத்தாலும் 0.90 ஆம்பியர்தான் காட்டுகிறது. இன்னொரு பல்பைத் தொடரிணைப்பில் சேர்த்தால் இரு பக்கமும் 0.45 ஆகிறது. தின்னப்படுவது மின்னோட்டமன்று என்பதை இந்த இரண்டு நிமிடங்கள் உணர்த்துவதுபோல் என் அரை மணி நேரப் பேச்சு உணர்த்தியதில்லை. மின்கலத்தின் இரு முனைகளையும் வெறும் கம்பியால் இணைத்தால் திரையில் தீப்பற்றி எரிகிறது. இதைக் கண்டுபிடித்த கடைசி வரிசை மாணவர்கள் அடுத்த பத்து நிமிடம் வேறெதுவும் செய்யவில்லை. குறுக்குச்சுற்று என்ற சொல்லை அவர்களுக்கு நான் விளக்க வேண்டிய தேவை மட்டும் அதன்பின் ஏற்படவில்லை.

ஆனால் ஆசிரியர் கவனிக்காமல் விட்டால் இதே சிமுலேஷன் ஒரு புதிய பிழையான எண்ணத்தையும் விதைத்துவிடும். அதிலுள்ள மின்கலம், நாமாக மாற்றாத வரையில், அகமின்தடையே, அதாவது மின்கலத்துக்குள்ளேயே இருக்கும் மின்தடையே, இல்லாத இலட்சிய மின்கலம். எனவே பல்புகளைப் பக்க இணைப்பில் எத்தனை சேர்த்தாலும் ஒன்றின் ஒளியும் மங்குவதில்லை. மேசைமேல் பழைய டார்ச் மின்கலத்தையும் சிறு பல்புகளையும் வைத்து அதே இணைப்பைச் செய்தால், இரண்டாவது பல்பைச் சேர்த்ததும் முதல் பல்பு கண்ணுக்குத் தெரியும்படி மங்குகிறது. "திரை பொய் சொல்கிறதா, சார்?" என்று ஒரு மாணவி கேட்டது அந்த ஆண்டின் மிக நல்ல கேள்வி. விடையும் சிமுலேஷனுக்குள்ளேயே இருக்கிறது. மின்கலத்தின் மின்தடையை மாற்றும் அமைப்பில் அதை 5 ஓம் ஆக்கினால், தனிப் பல்பில் 0.60 ஆம்பியர் ஓடுகிறது; இரண்டாவதைப் பக்க இணைப்பில் சேர்த்ததும் ஒவ்வொன்றிலும் 0.45 ஆகக் குறைகிறது. மேசையும் திரையும் ஒன்றுபட்ட அந்த இடத்தில்தான் அகமின்தடை என்றால் என்ன என்பது வகுப்புக்குப் புரிந்தது. ஆகவே இதைச் செய்முறைக்கு மாற்றாக அன்றி, செய்முறைக்குப் பக்கத்தில் வைத்துப் பயன்படுத்துவதையே பரிந்துரைப்பேன். சிமுலேஷனில் பயின்ற கல்லூரி மாணவர்கள் பின்னர் உண்மையான சுற்றை அமைப்பதிலும் முன்னணியில் இருந்தார்கள் என்று 2005இல் வெளியான ஓர் ஆய்வு காட்டியதை அறிவேன். அதற்காக டார்ச் பல்புகளைப் பரணில் போட எனக்கு மனம் வரவில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். சுட்டியைத் தொடுவதற்கு முன் என்ன நடக்கும் என்று நோட்டில் எழுதச் சொல்லாவிட்டால், பாடவேளை வெறும் விளையாட்டாகக் கரைந்துவிடுகிறது. முதல் ஆண்டு எனக்கு நேர்ந்தது அதுதான்.

தமிழில் கிடைக்கும் சிமுலேஷன்களைத் தன்னார்வலர்கள் மொழிபெயர்க்கிறார்கள். எல்லாவற்றுக்கும் தமிழ் வடிவம் இல்லை. தமிழ்நாட்டுப் பாடநூல் எலக்ட்ரான் என்பதை இலங்கைப் பாடநூல் இலத்திரன் என்கிறது. ஆகையால் எந்த மொழிபெயர்ப்பை எடுத்தாலும் நம் பாடநூற் சொற்களோடு முன்கூட்டியே ஒப்பிட்டுக்கொள்வது நல்லது. உலகெங்கும் உள்ள ஆசிரியர்கள் பகிர்ந்த பயிற்சித்தாள்கள் தளத்தில் ஏராளமாக உண்டு. பெரும்பாலும் ஆங்கிலத்தில் இருப்பதால், நான் அவற்றைத் தழுவித் தமிழில் எழுதிக்கொள்கிறேன். பழைய சிமுலேஷன்களில் சில இன்னும் ஜாவா என்ற நிரல்மொழியிலேயே இருக்கின்றன. பள்ளிக் கணினியில் அவற்றோடு மல்லுக்கட்டாமல், உலாவியில் நேரடியாகத் திறக்கும் எச்டிஎம்எல்5 வடிவில் உள்ளவற்றை மட்டும் எடுத்துக்கொள்ளலாம்.

வகுப்பறையைப் போலவே பள்ளி நூலகத்துக்கும் இது பொருந்துவதற்குக் காரணம், எச்டிஎம்எல்5 சிமுலேஷன் ஒவ்வொன்றையும் ஒற்றைக் கோப்பாகப் பதிவிறக்கி இணைய இணைப்பே இல்லாமல் உலாவியில் திறக்க முடிவதுதான். முன்பு ஒரு தனியார் நிறுவனத்திடம் ஆண்டுச் சந்தா கட்டி வாங்கிய காணொளிப் பாடங்கள், இணைப்பு அறுந்த நாட்களில் சுழலும் வட்டத்தை மட்டுமே காட்டின. சந்தா முடிந்ததும் அதுவும் நின்றது. இப்போது எங்கள் நூலகத்தின் மூன்று கணினிகளிலும் பென்டிரைவ் மூலம் கோப்புகளை ஏற்றி, பாட அலகின் பெயரிலேயே கோப்புறைகள் வைத்திருக்கிறோம். நூலகப் பாடவேளையில் அதிகம் திறக்கப்படுவது எறிபொருள் இயக்கச் சிமுலேஷன். பீரங்கியிலிருந்து பூசணிக்காயையும் பியானோவையும் எறிந்து, காற்றுத் தடையைச் சேர்த்தும் நீக்கியும் பார்ப்பதில் எட்டாம் வகுப்பினருக்கு அலுப்பே இல்லை. பதிவிறக்கிய கோப்பு தானாகப் புதுப்பிக்கப்படாது என்பதால், ஜூனில் பள்ளி திறக்கும் வாரத்தில் எல்லாவற்றையும் புதிதாக இறக்கிப் பழையவற்றை நீக்கும் வேலையை நூலகரும் நானும் பகிர்ந்துகொண்டிருக்கிறோம். அதற்கு ஒரு பிற்பகல் போதுமானதாக இருக்கிறது.