ஹலால் பார்க்க ஓப்பன் ஃபுட் ஃபாக்ட்ஸ்: எதற்கு உதவும், எங்கே கைவிடும்

ஓப்பன் ஃபுட் ஃபாக்ட்ஸ் ஹலால் செயலி அல்ல. 2012-இல் பிரான்சில் தொடங்கிய இலவசத் தரவுத்தளம். விளம்பரம் கிடையாது, பாக்கெட் விவரங்களைப் பயன்படுத்துபவர்களே படமெடுத்து ஏற்றுகிறார்கள். ஆனாலும், காரணம் சொல்லாமல் பச்சை, சிவப்பு விளக்கு மட்டும் காட்டும் ஸ்கேனர்களைவிட இது மேல். தீர்ப்புச் சொல்லாது; என்ன சேர்ந்திருக்கிறது என்று பிரித்துக் காட்டிவிட்டு ஒதுங்கிக்கொள்ளும்.

பார்கோடைக் காட்டியதும் முதலில் பார்க்க வேண்டியது, பதிவைக் கடைசியாகத் திருத்திய தேதி. கம்பெனி சேர்மானத்தை மாற்றிவிட்டு அதே பார்கோடில் விற்கலாம். பதிவு பழையதென்றால் கையிலிருக்கும் பாக்கெட்டைத்தான் நம்ப வேண்டும். பளபளப்பான உறையின் மடிப்பில் 471 என்ற சேர்க்கைப் பொருள் எண் 477 ஆகப் பதிவாகவும் வாய்ப்புண்டு, ஒருமுறை ஒப்பிட்டுவிடுங்கள்.

அடுத்து, சைவமா என்று சொல்லும் வரி. அங்கே ‘இருக்கலாம்’ என்று வந்தால் எந்தப் பொருளால் அந்தச் சந்தேகம் என்று உள்ளே காட்டும். பெரும்பாலும் அது ஈ471 (வெறும் 471 என்றும் போடுவார்கள்) ஆக இருக்கும். பிரெட், கேக், ஐஸ்கிரீம் எல்லாவற்றிலும் எண்ணெயையும் நீரையும் பிரியாமல் பிடித்து வைப்பது இதுதான். பாமாயிலிலும் செய்வார்கள், பன்றிக் கொழுப்பிலும் செய்வார்கள். இரண்டுக்கும் எண் ஒன்றே. 472 வரிசை, 422, 570 ஆகியவற்றின் கதையும் இதே. மாவை இளக்கும் 920 பறவை இறகிலிருந்தும் வரும், நொதிக்கவைத்தும் வரும். சிப்ஸ், நூடுல்ஸ் மசாலாவில் வரும் 631 சுவையூட்டி. வாட்ஸ்அப்பில் சுற்றுவதுபோல் அது ‘பன்றிக் கொழுப்பு’ அல்ல. இறைச்சி, மீனிலிருந்தும் எடுக்கலாம், மாவுச்சத்தை நொதிக்கவைத்தும் எடுக்கலாம். அதே ஃபார்வர்டு பட்டியலில் ஈ100-உம் இருக்கிறது. அது நம் வீட்டு மஞ்சளின் நிறம்!

இந்தியப் பாக்கெட்டுக்கு இந்தச் செயலி அவ்வளவாகத் தேவைப்படாது; பல சரக்குகள் அதில் ஏறவுமில்லை. சதுரத்துக்குள் பச்சைப் புள்ளி இருந்தால் ஜெலட்டின், கொழுப்பு, பூச்சியிலிருந்து எடுக்கும் 120 சிவப்பு எல்லாமே சட்டப்படி விலகிவிடும். 471 இருந்தாலும் அது தாவர வகைதான். ஆனால் அந்தப் புள்ளிக்கும் ஆல்கஹாலுக்கும் சம்பந்தமில்லை. செயலிக்கும் அதே குறைதான். ரம் ஊற்றிய பிளம் கேக்கும் முட்டை சேராவிட்டால் சைவம். வெனிலா எக்ஸ்ட்ராக்ட் என்றிருந்தால் கவனியுங்கள்: அமெரிக்க விதிப்படி அதில் குறைந்தது 35 சதவீதம் ஆல்கஹால் இருக்க வேண்டும். வெறுமனே ‘ஃபிளேவர்’ என்றிருந்தால் அது எதில் கரைக்கப்பட்டது என்று லேபிள் சொல்லாது.

செயலி உண்மையில் கைவிடுவது வெளிநாட்டு மிட்டாயில். ஹரிபோ கரடி ஜெல்லியை எடுத்துக்கொள்ளுங்கள். ஜெர்மனியின் வழக்கமான பாக்கெட்டில் பன்றி ஜெலட்டின். துருக்கியில் தயாராகும் ஹலால் பாக்கெட்டில் மாட்டு ஜெலட்டின். கரடி ஒன்றுபோலவே இருக்கும். சைவ வரியோ இரண்டுக்கும் ‘அசைவம்’ என்றே சொல்லும். ஹலால் முத்திரையைப் பதிவேற்றியவர் குறித்திருந்தால்தான் வித்தியாசம் தெரியும். ஆகவே பாக்கெட்டின் பின்பக்கத்தைத் திருப்பி முத்திரையையும் ஜெலட்டினின் மூலத்தையும் நேரில் பாருங்கள். பார்கோடின் முதல் மூன்று எண்ணை வைத்து நாட்டை ஊகிப்பதும் வேண்டாம். 890 என்றால் கம்பெனி இந்தியாவில் பதிந்திருக்கிறது என்றுதான் பொருள். சரக்கு எங்கே தயாரானது என்பதல்ல.

முத்திரை இருந்தாலும் யாருடையது என்று படியுங்கள். 120 சிவப்பை இந்தோனேசிய உலமா சபை 2011-இல் அனுமதித்தது. ஹனஃபி மத்ஹபின் (இஸ்லாமியச் சட்டப் பள்ளிகளில் ஒன்று) உலமாக்களில், அதாவது மார்க்க அறிஞர்களில், பலர் கூடாது என்கிறார்கள். இதில் உங்கள் மத்ஹப் ஆலிமிடம்தான் கேட்க வேண்டும்.

மிஞ்சிய சந்தேகத்துக்குப் பாக்கெட்டிலுள்ள வாடிக்கையாளர் சேவைக்கு எழுதுங்கள். ‘ஹலாலா?’ என்று கேட்டால் ‘எங்கள் பொருள் தரமானது’ என்ற மாதிரிப் பதில்தான் வரும். கேள்வியை இப்படி உடையுங்கள்: 471 தாவரமா, விலங்கா? விலங்கென்றால் எது, எப்படி அறுத்தது? ஃபிளேவர் எத்தனாலில் கரைத்ததா? பேட்ச் எண்ணையும் சேர்த்து எழுதி, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.