வறண்ட தோல், வாடிய குட்டி: ஆளி விதை எண்ணெய் எதுவரை கைகொடுக்கும்?

குதிரைத் தீவனக் கடைகளில் இரண்டு லிட்டர், ஐந்து லிட்டர் கேன்களில் கிடைக்கும் ஆளி விதை எண்ணெயைப் பற்றியது இந்த மதிப்பீடு. ரோமம் பளபளக்கும், தோல் மிருதுவாகும், குதிரை உற்சாகமாகும் என்று லேபிளில் மூன்று வாக்குறுதிகள் இருக்கும். முதல் இரண்டும் பெரும்பாலும் நடக்கும். ஆனால் எல்லாக் குட்டிக்கும் நடக்காது. மூன்றாவதை நம்பி வாங்கவே வாங்காதீர்கள். ஒன்று முதல் மூன்று வயதுக்குட்பட்ட குட்டி தோல் வறண்டு, தலையைத் தொங்கப்போட்டு நிற்கிறது என்றால், அந்தச் சோர்வுக்கு ஒரு காரணம் இருக்கிறது. எண்ணெய் ஊற்றிவிட்டு ஆறு வாரம் காத்திருந்தால் அந்தக் காரணமும் ஆறு வாரம் முற்றும்.

எண்ணெய் ஏன் வேலை செய்கிறது என்பதைப் புரிந்துகொண்டால், யாருக்கு வாங்கலாம், யாருக்கு வேண்டாம் என்பது தானாகத் தெரிந்துவிடும். பசும்புல்லில் கொழுப்பு குறைவுதான், உலர்ந்த எடையில் 2 முதல் 4 சதவீதம். ஆனால் அதில் பாதியளவு ஒமேகா 3 வகையைச் சேர்ந்த கொழுப்பு அமிலம். புல்லை அறுத்துக் காயவைத்து மாதக்கணக்கில் அடுக்கி வைக்கும்போது அதில் பெரும்பகுதி கெட்டுப்போகிறது. வைட்டமின் ஈ, வைட்டமின் ஏ-வாக மாறும் பீட்டா கரோட்டின் இரண்டும் அதோடு சேர்ந்தே போய்விடும். ஆளி விதை எண்ணெயில் பாதிக்கு மேல் அதே ஒமேகா 3தான். ஆகவே பழைய உலர்புல்லும் தானியமும் மட்டுமே தின்னும் குட்டிக்கு இந்த எண்ணெய் ஒரு நிஜமான குறையை நிரப்புகிறது. நாள் முழுக்கப் பசும்புல் மேயும் குட்டிக்குத் தோல் வறண்டால் காரணம் வேறு எங்கோ இருக்கிறது. அதற்கு இந்த கேன் வீண் செலவு.

கேனைத் திறப்பதற்கு முன் குட்டியைப் பகல் வெளிச்சத்தில் நிறுத்திப் பாருங்கள். பிடரி மயிரை விரலால் வகிர்ந்து அடிவரை பாருங்கள், வாலின் அடிப்பகுதியையும் அப்படியே. மயிரின் வேரோரம் வெளிர்நிறத்தில் ஒட்டியிருக்கும் சிறு முட்டைகளும், தோலோரம் ஊரும் பேனும் கண்ணுக்கே தெரியும். குளிர்காலத்தில் ரோமம் அடர்த்தியாகும்போது இது அதிகம். முதுகில் பொருக்கு தட்டி, அதைப் பிடித்து இழுத்தால் ஒரு கொத்து மயிர் வேரோடு சேர்ந்து தூரிகை நுனி மாதிரி கையோடு வந்தால், அது ஈரத்தில் பரவும் பாக்டீரியாத் தொற்று. வட்டவட்டமாக மயிர் உதிர்ந்து சாம்பல் நிறச் செதில் இருந்தால் படர்தாமரையாக இருக்கலாம். அது மனிதருக்கும் ஒட்டும், கையுறை இல்லாமல் தொடாதீர்கள், அந்தக் குட்டியின் பிரஷ்ஷை இன்னொரு குதிரைக்குப் போடாதீர்கள். வாலை மட்டும் சுவரில் தேய்க்கிறது என்றால் ஊசிப்புழுவையும் கொசுவினச் சிறுபூச்சிக் கடியையும் சந்தேகப்படுங்கள். வெள்ளை ரோமம் உள்ள இடங்களில் மட்டும் வெயில் பட்டுத் தோல் உரிந்து, கூடவே மந்தமும் இருந்தால் கல்லீரல் பாதிப்பாக இருக்க வாய்ப்புண்டு. அன்றைக்கே கால்நடை மருத்துவரைக் கூப்பிட வேண்டிய அறிகுறி அது. இவற்றில் எதையும் எண்ணெய் ஆற்றாது.

இது எதுவுமே இல்லாமல், உடம்பு முழுக்க ஒரே சீராக மங்கிய ரோமம், தட்டினால் மாவு மாதிரி பொடுகு, அரிப்பு கிடையாது என்ற நிலையில்தான் எண்ணெய்க்கு வேலை.

அப்போதும் ஒரு வேலை பாக்கி இருக்கிறது. லத்தியைப் பரிசோதனைக்குக் கொடுத்து ஒரு கிராமுக்கு எத்தனை புழு முட்டை என்று எண்ணிவிட வேண்டும். இளங்குதிரைக்குத் தோல் மங்குவதும் உற்சாகம் குறைவதும் ஒன்றாக வந்தால் என் முதல் சந்தேகம் குடற்புழு மேல்தான். சுமார் ஒன்றரை வயது வரை உருண்டைப்புழுவின் தொல்லை அதிகம். வயிறு மட்டும் பானை போல உப்பி, முதுகும் தொடையும் வற்றியிருக்கும். இங்கே கண்ணை மூடிக்கொண்டு ஏதோ ஒரு புழுமருந்து பேஸ்ட்டை வாயில் ஏற்றுவது ஆபத்து. பல இடங்களில் உருண்டைப்புழு ஐவர்மெக்டினுக்கு அடங்குவதில்லை. சிறு சிவப்புப் புழுக்களோ ஃபென்பெண்டசோல் வகை மருந்துகளுக்கு அடங்குவதில்லை. புழு நிறைய இருக்கும் குட்டிக்கு ஒரே வீச்சில் எல்லாவற்றையும் கொல்லும் மருந்து கொடுத்தால், செத்த புழு சிறுகுடலை அடைத்துக்கொள்ளும். எந்த மருந்து, எந்த அளவு என்பதை மருத்துவர் முடிவு செய்யட்டும். மருந்து கொடுத்து சுமார் இரண்டு வாரம் கழித்து மறுபடி முட்டையை எண்ணினால்தான் அது வேலை செய்ததா என்று தெரியும். குடல் சுவருக்குள் உறங்கும் சிவப்புப் புழுக் குஞ்சுகள் இந்தக் கணக்கில் வராது என்பதையும் மனதில் வையுங்கள்.

இனி எண்ணெய்க்கு வருவோம். நல்ல எண்ணெய் இளம் பொன்னிறமாக இருக்கும், பச்சைக் கொட்டை வாசம் அடிக்கும். கெட்டுப்போனது மீன் வாடையோ பெயிண்ட் வாடையோ அடிக்கும், நாக்கில் வைத்தால் கசக்கும். ஆளி எண்ணெய் மற்ற எண்ணெய்களைவிடச் சீக்கிரம் கெடும். அதன் சிறப்பான ஒமேகா 3தான் காற்றும் வெளிச்சமும் பட்டால் முதலில் சிதைவது. அதனால் வெளிச்சம் ஊடுருவும் வெள்ளை கேனில் வருவதை நான் சிபாரிசு செய்யமாட்டேன். கறுப்பு கேன் அல்லது தகர டின், குளிர்முறையில் பிழிந்தது, பிழிந்த தேதி அச்சிட்டது, இந்த மூன்றும் இருந்தால் வாங்கலாம். ஒரே ஒரு குட்டிக்கு ஐந்து லிட்டர் வேண்டாம். தினம் 50 மில்லி வீதம் கொடுத்தால் அது தீர நூறு நாள் ஆகும், பாதி கேனுக்கு மேல் கெட்ட எண்ணெயைத்தான் ஊட்டிக்கொண்டிருப்பீர்கள். திறந்தபின் ஆறு வாரத்துக்குள் தீரும் அளவு வாங்கி, குளிர்ச்சியான நிழலில் வையுங்கள்.

மரச்சாமான் பூச விற்கும் 'பாயில்டு' ஆளி எண்ணெயை எக்காரணம் கொண்டும் குதிரைக்குக் கொடுக்காதீர்கள். சீக்கிரம் காய்வதற்காக அதில் உலோக உப்புகள் சேர்த்திருப்பார்கள். அது விஷம். பெயர் ஒன்றாக இருப்பதால் விலை குறைவு என்று எடுத்துவிடுபவர்கள் இருக்கிறார்கள்.

அளவு: 300 கிலோ எடையுள்ள ஒரு வயதுக் குட்டிக்கு முதல் மூன்று நாள் 10 மில்லி. பிறகு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை 10 மில்லி கூட்டி, இரண்டு வாரத்தில் 50 மில்லிக்குக் கொண்டுபோனால் போதும். குதிரைக்குப் பித்தப்பை கிடையாது. பித்தநீர் சேமிப்பில்லாமல் சொட்டுச்சொட்டாகக் குடலுக்கு வந்துகொண்டே இருக்கும். அதனால் திடீரென்று ஊற்றிய எண்ணெயைச் செரிக்கக் குடலுக்கு அவகாசம் தேவை. லத்தி இளகி, மேலே எண்ணெய்ப் பூச்சாக மினுங்கினால் முந்தைய அளவுக்குத் திரும்புங்கள். இரண்டு வேளையாகப் பிரித்து, கொஞ்சம் நனைத்த குதிரைமசால் தூளிலோ தீவன உருண்டையிலோ கையால் பிசைந்து கொடுப்பது நல்லது. மேலே ஊற்றிவிட்டுப் போனால் தொட்டியின் அடியில் தேங்கி நிற்கும். அடுத்த நாள் அது பிசினாகி, குட்டி தொட்டியில் முகம் வைக்கவே மறுக்கும்.

கேனோடு வரும் பம்ப்பை நம்பாதீர்கள். ஒரு அழுத்துக்கு எத்தனை மில்லி என்று சிரிஞ்சில் பிடித்து ஒருமுறை அளந்துவிடுங்கள். பாதி காலியான கேனில் பம்ப் காற்றையும் சேர்த்து இழுக்கும், அளவு குறைந்துபோகும்.

இந்தத் தயாரிப்புகளில் நான் காணும் பெரிய குறை வைட்டமின் ஈ. கொழுப்பு கூடக்கூட உடம்புக்கு வைட்டமின் ஈ அதிகம் தேவைப்படும். ஒரு மில்லி எண்ணெய்க்கு குறைந்தது ஒரு யூனிட் (லேபிளில் IU) வைட்டமின் ஈ கூடுதலாகச் சேர்ப்பது வழக்கம். பசும்புல் இல்லாத குட்டிக்கு உடல் எடையில் கிலோவுக்கு 1 முதல் 2 யூனிட் எப்படியும் வேண்டும். ஆக 300 கிலோ குட்டிக்கு எண்ணெயோடு சேர்த்து நாளைக்கு 350 முதல் 650 யூனிட் வரை வைத்துக்கொள்ளலாம். சில கேன்களில் 'வைட்டமின் ஈ சேர்த்தது' என்று போட்டிருப்பார்கள். பெரும்பாலும் அது எண்ணெய் கெடாமல் இருக்கச் சேர்த்த சிறு அளவு. தனி வைட்டமின் ஈ வாங்கும்போது செலினியம் கலந்ததா என்று லேபிளைப் பாருங்கள். தீவனத்திலும் தாதுக்கலவையிலும் ஏற்கெனவே செலினியம் இருக்கும். மூன்று இடத்திலிருந்தும் சேர்ந்தால் அளவு மீறி, பிடரியும் வாலும் உதிர்ந்து குளம்பில் வளையமாக வெடிப்பு விழும்.

எண்ணெய் கொடுத்தும் ரோமம் தேறவில்லை என்ற புகார் அடிக்கடி வரும். பெரும்பாலும் கொழுப்பைத் தவிர மற்ற எதையும் அவர்கள் பார்த்திருக்கமாட்டார்கள். ரோமம் என்பதே புரதம். வளர்ந்தபின் 500 கிலோ எட்டும் இனத்தில் ஒரு வயதுக் குட்டிக்கு நாளைக்குச் சுமார் 850 கிராம் புரதமும், அதில் 36 கிராம் லைசின் என்ற அமினோ அமிலமும் தேவை. முற்றிய, தண்டு பருத்த உலர்புல் மட்டும் அதைத் தராது. எண்ணெயில் புரதம் அறவே இல்லை. செம்பும் துத்தநாகமும் அப்படித்தான். அதே குட்டிக்கு நாளைக்குச் சுமார் 80 மில்லிகிராம் செம்பும், அதைப்போல் நான்கு மடங்கு துத்தநாகமும் வேண்டும். இவை குறைந்தால் கறுப்பு ரோமம் செம்பட்டையாகும், தோல் தடித்துச் செதில் விடும், எலும்பு வளர்ச்சியும் கெடும். ஆகவே இளங்குதிரைக்கென்றே செய்த புரத, தாதுக்கலவை உருண்டை முதலில், எண்ணெய் அதற்குப் பிறகு. கையில் ஒன்றுக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் எண்ணெயை விட்டுவிடுங்கள். தவிட்டைக் கொட்டி ரோமத்தை மினுக்கப் பார்ப்பவர்களும் உண்டு. தவிட்டில் பாஸ்பரஸ் மிக அதிகம், கால்சியம் மிகக் குறைவு. வளரும் எலும்புக்கு அது கெடுதல்.

எண்ணெய்க்குப் பதில் அரைத்த ஆளி விதையை எடுத்துக்கொண்டால், 100 கிராமில் சுமார் 40 கிராம் எண்ணெயும் 20 கிராமுக்குக் கொஞ்சம் கூடுதலாகப் புரதமும் கிடைக்கும். வெப்பத்தில் பக்குவப்படுத்தி அரைத்து விற்கும் தூள், எண்ணெயைவிட அதிக நாள் கெடாமல் இருக்கும், தொட்டியும் பிசுபிசுக்காது. எனக்கு இதுதான் அதிகம் பிடிக்கும். முழு விதையாகக் கொடுத்தால் பெரும்பகுதி அப்படியே லத்தியில் வந்துவிடும். பச்சை விதையை வெறும் தண்ணீரில் ஊறவைப்பதும் தவறு. ஊறும்போது விதையிலுள்ள நொதி சயனைடைப் பிரித்துவிடும். வீட்டில் செய்வதானால் கொதிக்கிற தண்ணீரில் விதையைப் போட்டு நன்றாக வேகவைக்க வேண்டும்.

தோலின் மேல் எண்ணெய் தடவுவதால் பலன் இல்லை. தூசி ஒட்டும், வெயிலில் எரியும். வறட்சிக்குப் பெரிய காரணமே பல லாயங்களில் ஷாம்புதான். வாரம் ஒருமுறை ஷாம்பு போட்டால் தோலின் சொந்த எண்ணெய் ஊற நேரமே கிடைப்பதில்லை. எட்டு வாரத்துக்கு ஷாம்புவை நிறுத்துங்கள். வியர்த்தால் வெறும் தண்ணீர் போதும். ரப்பர் சீப்பால் கழுத்திலிருந்து தொடை வரை தினம் பத்து நிமிடம் வட்டமாகத் தேய்த்து, எழும்பும் பொடுகைக் கெட்டிப் பிரஷ்ஷால் தட்டி எடுங்கள். முழங்காலுக்குக் கீழேயும் முகத்திலும் ரப்பர் சீப்பு வேண்டாம், எலும்பு உறுத்தும். உடல் எடையில் 100 கிலோவுக்கு 10 கிராம் சாதாரண உப்பு தீவனத்தில் கலந்தால் தண்ணீர் குடிப்பதும் கூடும்.

சோர்வுக்கான பட்டியலில் எண்ணெய்க்கு இடமே இல்லை. 50 மில்லி எண்ணெயில் கிடைப்பது 420 கிலோ கலோரி. குட்டியின் ஒரு நாள் தேவையில் அது இரண்டு மூன்று சதவீதம்தான், அதனால் துள்ளல் வந்துவிடாது. காலையில் தீவனம் வைக்கும் முன் மலவாயில் வெப்பமானி வைத்துப் பாருங்கள். 38.6 டிகிரி செல்சியஸுக்கு மேல் நின்றாலோ, ஓய்வில் நாடி 60ஐத் தாண்டினாலோ, ஈறை விரலால் அழுத்தி எடுத்தபின் நிறம் திரும்ப இரண்டு நொடிக்கு மேல் ஆனாலோ மருத்துவரை அழையுங்கள். தீவனத்தைப் பாதி மென்று கீழே துப்பினால் வாயைத் திறந்து பார்க்கச் சொல்லுங்கள். இரண்டரை வயதிலிருந்து பால்பல் விழுந்து புதுப்பல் முளைக்கும், தளர்ந்த பல் ஈறில் குத்தும். தானியத்தைத் தொடாமல் புல்லை மட்டும் தின்று, அடிக்கடி கொட்டாவி விட்டால் வயிற்றுப்புண்ணை நினையுங்கள். குதிரையின் வயிறு எப்போதும் அமிலம் சுரந்துகொண்டே இருப்பது. இரவு முழுக்கத் தொட்டி காலியாகக் கிடந்தால் புண் வரத்தான் செய்யும்.

உடம்பில் ஒன்றுமில்லை என்று மருத்துவர் சொன்னபின் லாயத்தைப் பாருங்கள். சமீபத்தில் தாயிடமிருந்து பிரித்த குட்டியா? பக்கத்தில் மூக்கோடு மூக்கு உரச இன்னொரு குதிரை இருக்கிறதா? படுத்துப் புரண்டதற்கான அடையாளமாக விலாவில் வைக்கோல் ஒட்டியிருக்கிறதா? படுத்தால்தான் குதிரைக்கு ஆழ்ந்த தூக்கம் வரும். பயந்த குட்டி, தனித்த குட்டி, தரை ஈரமான கொட்டிலில் நிற்கும் குட்டி படுக்காது. படுக்காத குட்டி பகலில் தூங்கி வழியும். ஒரு துணையும், தினம் சில மணி நேரம் கட்டவிழ்த்து ஓட ஒரு வெளியும் கொடுத்தால் வரும் மாற்றம் எந்த கேனிலும் கிடைக்காது.

எண்ணெய் ஆரம்பித்த நாளன்று தோள்பட்டையையும் பிட்டத்தையும் பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்து வையுங்கள். பொடுகு குறைவது நான்கு முதல் ஆறு வாரத்தில் தெரியும். ஏற்கெனவே வளர்ந்துவிட்ட ரோமம் பெரிதாக மாறாது. முழு மினுக்கம் அடுத்த ரோமம் மாற்றும் பருவத்தில்தான் வரும். எட்டு வாரம் ஆகியும் பொடுகு அப்படியே இருந்தால் இன்னொரு கேன் வாங்காமல், தோலைச் சுரண்டிப் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பசும்புல் தாராளமாகக் கிடைக்கத் தொடங்கியதும், ஏற்றிய மாதிரியே படிப்படியாக இறக்கி எண்ணெயை நிறுத்திவிடலாம்.