செல்மா பாலத்தில் இரண்டு குரல்கள்

அமெரிக்காவின் செல்மா ஊரில், 1965 மார்ச் 7 அன்று கறுப்பின மக்களுக்கு வாக்குரிமை கேட்டு ஊர்வலம் போன சுமார் 600 பேரை எட்மண்ட் பெட்டஸ் பாலத்தருகே போலீஸ் அடித்து விரட்டியது. அதை நினைவுகூர ஆண்டுதோறும் மார்ச்சில் அங்கே கூடுகிறார்கள்.

2015இல், 50ஆம் ஆண்டு விழாவில், அப்போதைய குடியரசுத் தலைவர் ஒபாமா பேசினார். அரை மணி நேரத்துக்கும் மேல் ஓடிய, செதுக்கி எழுதிய உரை. அந்த ஊர்வலத்துக்குப் பின் வந்த வாக்குரிமைச் சட்டம் வலுவிழந்து கிடக்கிறது, சரிசெய்யுங்கள் என்று வந்திருந்த நாடாளுமன்ற உறுப்பினர்களிடமே கேட்டார். குடியரசுத் தலைவர் கேட்டால் அதன் கனமே வேறுதான்.

2020இல் பேசியவர் ஜான் லூயிஸ். 1965இல் முன்வரிசையில் நடந்து, 25 வயதில் மண்டை உடைந்தவர். அப்போது கணையப் புற்றுநோய் முற்றிய நிலை. வருவாரா என்பதே சந்தேகம், வந்தார். பேசியது சில நிமிடங்கள்தான்: குரல் கொடுங்கள், குறுக்கே நில்லுங்கள், நல்ல வம்பில் மாட்டிக்கொள்ளுங்கள். ஜூலையில் இறந்துபோனார்.

வாசிக்க ஒபாமாவின் உரைதான் சுகம். ஆனால் கூட்டத்தில் ஒரு பள்ளிப் பிள்ளை நின்றிருந்தால், வீட்டுக்குக் கொண்டுபோயிருப்பது லூயிஸின் நாலு வரியைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. 2015இலும் ஒபாமாவுக்கு முன் பேசியவர் லூயிஸ்தான். தன் நாயகர்களில் ஒருவருக்குப் பின் பேசுவது அரிய பேறு என்றுதான் ஒபாமா தொடங்கினார்.