மயில்துத்தமா, மாட்டுக்கொம்பா, புது ரகமா?

போர்டோ கலவை என்றால் கம்பம் பக்கத்துத் திராட்சைக்காரருக்கும் தெரியும்: மயில்துத்தம் என்ற தாமிர உப்பும் சுண்ணாம்பும். பிறந்த ஊர் பிரான்சின் போர்டோ. வழிப்போக்கர்கள் பழத்தில் கைவைக்காமல் இருக்கச் சாலையோரக் கொடிகளில் தெளித்த நீலக் கரைசல், ஈரத்தில் பரவும் அடிச்சாம்பல் என்ற பூஞ்சை நோயையும் தடுப்பதை மில்லார்டே என்ற தாவரவியலாளர் கவனித்து 1885-இல் வெளியிட்டார். அங்கே ஒயின் திராட்சையைச் சுற்றுச்சூழலுக்குக் கேடில்லாமல் வளர்ப்பது எப்படி என்று பேசினால், இன்றும் பேச்சு மயில்துத்தத்தில்தான் வந்து நிற்கும்.

இயற்கை வேளாண்மைச் சான்றிதழ் வாங்கியவர் செயற்கைப் பூஞ்சைக்கொல்லியைத் தொடக்கூடாது. தாமிரமும் கந்தகமும் தெளிக்கலாம். சிக்கல் என்னவென்றால், தாமிரம் இலைக்குள் இறங்காது, மேலேயே படிந்திருக்கும். நல்ல மழை பெய்தால் கழுவிக்கொண்டு போய்விடும். மறுபடி தெளிப்பு, மறுபடி டிராக்டர், மறுபடி டீசல். கழுவிய தாமிரமோ மக்காமல் மண்ணிலேயே சேரும், மண்புழுவுக்கு ஆகாது. அதனால்தான் ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல் ஹெக்டேருக்கு 7 ஆண்டுகளில் 28 கிலோ என்று கட்டுப்படுத்தியிருக்கிறது.

உயிராற்றல் (பயோடைனமிக்) வேளாண்மைக்காரர்கள் இன்னும் ஒரு படி மேலே. 1924-இல் ருடால்ஃப் ஸ்டைனர் என்ற ஆஸ்திரியத் தத்துவவாதி சொன்னபடி, பசுவின் கொம்பில் சாணம் அடைத்துக் குளிர்காலம் முழுக்கப் புதைத்து, எடுத்துக் கரைத்துத் தெளிப்பார்கள். மண்ணை அக்கறையோடு பார்த்துக்கொள்வார்கள், மறுக்கவில்லை. ஆனால் அடிச்சாம்பல் கொம்புக்கு மசியாது. அதற்கு அவர்களுக்கும் தாமிரம்தான். இந்த முறையில் நடக்கும், போர்டோவில் புகழ்பெற்ற பாந்தே-கனே தோட்டம், 2018-இல் இந்த நோயால் மூன்றில் இரண்டு பங்கு விளைச்சலை இழந்தது. பெரிய பெயர், தாங்கிக்கொண்டது. சின்ன விவசாயி என்ன செய்வார்?

என் ஓட்டு மூன்றாவது வழிக்கு: நோய் எதிர்ப்பு ரகங்கள். அமெரிக்க, ஆசியக் காட்டுக் கொடிகளோடு ஒரே அடியாக அல்ல, தலைமுறை தலைமுறையாகக் கலந்து எடுத்தவை. பிரான்ஸ் 2018-இல் அர்தபான், விடோக், ஃப்ளோரெயால், வோல்டிஸ் என நான்கை அனுமதித்தது. பத்துப் பன்னிரண்டு தெளிப்பு வேண்டிய இடத்தில் இரண்டு மூன்று போதும். அடியோடு நிறுத்தினால் பூஞ்சை பழகிக்கொள்ளும் என்பதால்தான் அந்த இரண்டு மூன்றும்.

மழை குறைந்த தெற்கே, ரூசியோன் பக்கம் என்றால் சரி, தாமிரத்தைக் கொஞ்சமாகத் தெளித்தே சமாளிக்கலாம். கொடியைப் பிடுங்கிப் புது ரகம் நடும் செலவு மிச்சம். ஈரமான போர்டோவில் அது நடக்காது. ஆனால் புது ரகத்துக்கு ஒரு தடை உண்டு: வாங்குபவர் மெர்லோ போன்ற பழகிய ரகத்தின் பெயரைத்தான் தேடுகிறார். ஷாம்பெயின்காரர்கள் வோல்டிஸைச் சோதனைக்குச் சேர்த்துக்கொண்டபோதுகூட, கலவையில் 10 சதவீதத்தைத் தாண்டக்கூடாது என்று கட்டிவைத்தார்கள்.