எஸ்டி சேனல்களுக்காக ஒரு டிவி: ஏழாண்டு அனுபவம்

2018 தீபாவளிக்குக் கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் 55 அங்குல 4கே டிவி ஒன்றை வாங்கி மாட்டினேன். அதுவரை அங்கே இருந்தது 2004இல் வாங்கிய 29 அங்குல டியூப் டிவி. இரண்டு பேர் சேர்ந்து தூக்கினால்தான் அசையும். புதிய டிவியில் கேபிள் இணைப்பைக் கொடுத்து, பழைய பாடல்கள் வரும் சேனலை வைத்துவிட்டு, அப்பாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். பத்து நிமிடம் பேசாமல் பார்த்தவர், "படம் ஏன்டா கரைஞ்ச மாதிரி இருக்கு?" என்று மட்டும் கேட்டார். டிவியில் குறை எதுவும் இல்லை. கடையில் அதில் ஓடிய பூக்களும் பறவைகளும் கண்ணைப் பறித்தது உண்மைதான். ஆனால் எங்கள் வீட்டில் யாரும் பூவையும் பறவையையும் பார்ப்பதில்லை. அப்பா பார்ப்பது 1960களின் பாடல்களும் இரவுச் செய்தியும். அம்மா பார்ப்பது தொடர்கள். எல்லாமே எஸ்டி சேனல்கள், அதாவது எச்டிக்கு முந்தைய, தெளிவு குறைந்த ஒளிபரப்பு. பழைய பாடல்களுக்கென்று இருக்கும் தமிழ்ச் சேனல்கள் பலவற்றுக்கு எச்டி வடிவமே கிடையாது என்பதால், பணம் கட்டி மாறிக்கொள்ளவும் வழியில்லை.

அந்த 4கே டிவியையும், 2020இல் அதற்குப் பதிலாகக் கூடத்தில் வைத்த 32 அங்குல எச்டி ரெடி டிவியையும் இத்தனை ஆண்டுகள் ஒரே வீட்டில், ஒரே கேபிள் இணைப்பில் பயன்படுத்திய அனுபவத்தை இங்கே எழுதுகிறேன். வீட்டில் பெரும்பாலும் எஸ்டி பார்ப்பவர்கள் டிவி வாங்கும்போது எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதே என் அக்கறை. ஓடிடி மட்டும் பார்ப்பவர்களுக்கு இதில் பயன் குறைவு.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. நம் ஊர் எஸ்டி படத்தின் முழு அளவு 720 பிக்சல் அகலம், 576 வரி உயரம். பெருக்கினால் 4,14,720 பிக்சல்கள். 4கே திரையில் இருப்பவை 82,94,400. சரியாக இருபது மடங்கு. அதாவது திரையில் ஒளிரும் இருபது புள்ளிகளில் ஒன்றுக்குத்தான் கேபிளில் தகவல் வருகிறது. மீதிப் பத்தொன்பதையும் டிவிக்குள் இருக்கும் சிப் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்து ஊகித்து நிரப்புகிறது. ஃபுல் எச்டி திரையில் இது ஐந்து மடங்கு, 1366க்கு 768 என்ற எச்டி ரெடி திரையில் ஏறத்தாழ இரண்டரை மடங்கு. ஊகிக்க வேண்டியது குறையக் குறைய, சுமாரான சிப்பும் பெரிய தவறு செய்யாது. பெரிய திரைக்கு நல்ல சிப் வேண்டும். நான் வாங்கிய 55 அங்குலம் விலையில் சல்லிசாக இருந்ததற்கு அதில் நல்ல சிப் இல்லாததும் ஒரு காரணம் என்பது பின்னால்தான் புரிந்தது.

ஆனால் பெரிதாக்குவதைவிடச் சிக்கலானது இன்டர்லேஸ். எஸ்டி ஒளிபரப்பில் நொடிக்கு 25 படங்கள் வருகின்றன. ஒவ்வொன்றும் இரண்டு அரைப்படங்களாக, முதலில் ஒற்றைப்படை வரிகள், அடுத்து இரட்டைப்படை வரிகள் என்று பிரிந்து வருகிறது. டியூப் டிவி அந்த முறைக்காகவே பிறந்தது. வந்த வரிசையிலேயே வரிகளை வரைந்துவிடும், எதையும் ஊகிக்காது. இப்போதைய தட்டைத் திரைகளான எல்சிடியும் ஓஎல்இடியும் முழுப்படத்தை ஒரே வீச்சில் காட்டுபவை என்பதால், இரண்டு அரைப்படங்களையும் ஒட்டித் தைத்தாக வேண்டும். சினிமாப் படமாக இருந்தால் இரண்டு அரைகளும் ஒரே கணத்தில் எடுத்தவை. டிவி அதைக் கண்டுகொண்டு அப்படியே சேர்த்தால் படம் பளிச்சென்று இருக்கும். கண்டுகொள்ளாத டிவி பாதி வரிகளை வீசிவிட்டு மீதியை இழுத்து நிரப்பும்; அப்போது சாய்வான கோடுகள் படிக்கட்டாகிவிடும். வீடியோ கேமராவில் எடுத்த நேரலை நிகழ்ச்சியில் இரண்டு அரைகளுக்கும் இடையே நொடியில் ஐம்பதில் ஒரு பங்கு இடைவெளி உண்டு. அதற்குள் கை அசைந்திருந்தால், அசட்டையாகத் தைக்கும் டிவியில் கையின் ஓரத்தில் சீப்புப் பற்கள் முளைக்கும்.

இதை எனக்குக் காட்டிக் கொடுத்தது அக்காவின் கல்யாண டிவிடி. 2003இல் எடுத்த வீடியோ. தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளம் உச்சத்தில் இருக்க, கேமராக்காரர் தவில்காரர் பக்கம் திரும்பி அரை நிமிடம் நிற்கிறார். 55 அங்குல டிவியில் தவில்காரரின் வலது கை விரல்கள் ஈர்க்குச்சிக் கட்டு மாதிரி சிதறித் தெரிந்தன. இப்போதைய 32 அங்குல டிவியில் அதே விரல்கள் லேசாக மங்குகின்றன, சிதறவில்லை. அடுத்த காட்சியில் அக்காவின் கூறைப்புடவை. டிவிடியிலும் எஸ்டி ஒளிபரப்பிலும் நிறத்தைப் பாதி அகலம், பாதி உயரத்தில்தான் பதிவு செய்கிறார்கள். வெளிச்சத்துக்கு 720க்கு 576 என்றால் நிறத்துக்கு 360க்கு 288தான். அரக்குச் சிவப்புப் புடவையின் ஓரம் பக்கத்தில் நிற்பவரின் வெள்ளை வேட்டிமேல் கசிவது இதனால்தான். எந்த டிவியிலும் கொஞ்சம் கசியும். நிறத்துக்கான வரிகளைத் தப்பாகச் சேர்க்கும் டிவியில் சிவப்பு ஓரத்தில் மட்டும் தனியாகப் பற்கள் தெரியும். அப்படித் தெரிந்தால் அந்த டிவியை வாங்க வேண்டாம் என்பேன்.

ஆகவே இரண்டாவது முறை கடைக்குப் போகும்போது, அந்த டிவிடியிலிருந்து ஐந்து நிமிடத்தை வெட்டி ஒரு பென்டிரைவில் எடுத்துக்கொண்டு போனேன். கடைப்பையன் ஒரு மாதிரியாகப் பார்த்தான். ஆனால் நான்கு டிவியிலும் போட்டுக் காட்டினான். பென்டிரைவோடு நிறுத்திவிடாமல், கடையில் கேபிள் இணைப்பு இருந்தால் செய்திச் சேனலையும் கேட்டுப் பார்க்க வேண்டும். அடியில் ஓடும் எழுத்துகள் நல்ல பரீட்சை: ழகரத்தின் வளைவும் ணகரத்தின் சுழிகளும் ஓட்டத்தில் குழையாமல் வந்தால் அந்த டிவி வரிகளை ஒழுங்காகத் தைக்கிறது என்று கொள்ளலாம். கடைகளில் எல்லா டிவியும் கண்கூசும் 'விவிட்' முறையில்தான் இருக்கும். 'ஸ்டாண்டர்டு' அல்லது 'சினிமா' முறைக்கு மாற்றச் சொல்லிவிட்டுப் பார்ப்பது நல்லது. அங்கே நான் பார்த்த நான்கில் சோனியும் பானசோனிக்கும் தவில் காட்சியை ஓரளவு ஒழுங்காகக் காட்டின, சோனியை எடுத்துக்கொண்டேன். இது அந்த மாடல்களைப் பற்றிய செய்தி மட்டுமே. ஒரே நிறுவனத்தின் விலை குறைந்த மாடலிலும் விலை கூடிய மாடலிலும் வேறு வேறு சிப் இருப்பது சகஜம்.

அளவைப் பற்றி எனக்கு இப்போது உறுதியான கருத்து உண்டு. எஸ்டி படத்துக்குப் படத்தின் உயரத்தைப்போல ஆறு மடங்கு தூரத்தில் உட்கார வேண்டும் என்பது ஒளிபரப்புத் துறையில் பழைய கணக்கு; எச்டிக்கு மூன்று மடங்கு. 55 அங்குல டிவியின் உயரம் ஏறத்தாழ 68 சென்டிமீட்டர். ஆறு மடங்கு என்றால் பதின்மூன்றரை அடி. 43 அங்குலத்துக்குப் பத்தரை அடி, 32 அங்குலத்துக்கு எட்டு அடி. எங்கள் கூடத்தில் சோபாவுக்கும் சுவருக்கும் நடுவில் இருப்பதே ஒன்பது அடி. அப்பா கரைந்த படத்தைப் பார்த்ததில் என்ன வியப்பு? 32 அங்குலம் என்றதும் "சின்னதாப் போச்சே" என்று அம்மா முணுமுணுத்தார். ஆனால் பழைய 29 அங்குல டியூப் டிவியின் படத்தின் உயரமும் கிட்டத்தட்ட இதே 40 சென்டிமீட்டர்தான். நான்குக்கு மூன்று என்ற பழைய வடிவப் படங்கள் இதில் அதே அளவில் வருகின்றன. ஒரு வாரத்தில் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது.

வடிவம் என்றதும் ஒரு வருத்தத்தைச் சொல்ல வேண்டும். கறுப்பு வெள்ளைப் படங்களைத் திரை நிரம்ப இழுத்துப் பார்ப்பது நம் வீடுகளில் வழக்கமாகிவிட்டது. நடிகையர் எல்லாரும் பூரித்துப்போய்த் தெரிகிறார்கள். இரண்டு பக்கமும் கறுப்புப் பட்டை இருந்தால் காசு வீணாகிறது என்ற எண்ணம். டிவியில் 4:3 என்ற முறையை வைத்தால் முகம் முகமாக இருக்கும். சினிமாஸ்கோப் படங்களின் நிலைமைதான் பரிதாபம்: பழைய வடிவச் சட்டத்துக்குள் மேலும் கீழும் பட்டை வைத்து அனுப்பும்போது, 576 வரிகளில் படத்துக்கென்று கிடைப்பவை ஏறத்தாழ 330 வரிகளே. அதை 'ஜூம்' செய்து 55 அங்குலத்தில் நிரப்பினால் எந்தச் சிப்பாலும் காப்பாற்ற முடியாது.

டிவியை மாற்றும் முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. நான் ஒன்றரை ஆண்டு கழித்துத்தான் செய்தேன். எங்கள் செட்டாப் பாக்ஸிலிருந்து டிவிக்குப் போனது மஞ்சள், சிவப்பு, வெள்ளை என்று மூன்று பின் கொண்ட பழைய ஏவி வயர். மஞ்சள் பின்னில் வெளிச்சமும் நிறமும் ஒரே கம்பியில் கலந்து போகின்றன. டிவி அவற்றைப் பிரித்தெடுக்கும்போது முழுதாகப் பிரிவதில்லை. கட்டம்போட்ட சட்டையிலும் நெருக்கமான சரிகையிலும் வானவில் நெளிவது அதனால்தான். பாக்ஸின் பின்னால் எச்டிஎம்ஐ துளை சும்மா இருந்ததை யாரும் கவனிக்கவில்லை. அந்த வயரை மாற்றியதும் வானவில் ஒழிந்தது. எழுத்துகளுக்கு ஓரம் கிடைத்தது. அடுத்து பாக்ஸின் மெனுவில் வெளியீடு '1080i' என்று இருந்ததை 576க்கு மாற்றினேன். முதலில் பாக்ஸ் சுமாராகப் பெரிதாக்கி, அதை டிவி மறுபடி பெரிதாக்குவதைவிட, வந்தபடியே டிவியிடம் கொடுத்துவிடுவது எங்கள் வீட்டில் நன்றாக இருந்தது. மட்டமான சிப் உள்ள டிவியில் இது தலைகீழாகவும் இருக்கலாம். இரண்டையும் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்ய வேண்டியதுதான்.

டிவியின் மெனுவில் என் வேலை பெரும்பாலும் அணைப்பதாகவே இருந்தது. 'ஷார்ப்னஸ்' கூட்டினால் இல்லாத விவரம் வந்துவிடாது, இருக்கும் ஓரங்களைச் சுற்றி வெள்ளைக் கோடு விழும். அளவை இறக்கிக்கொண்டே வந்து அந்தக் கோடு மறையும் இடத்தில் நிறுத்த வேண்டும். சில நிறுவனங்களின் டிவியில் அது பூஜ்யம், சிலவற்றில் நடு அளவு. நாய்ஸ் ரிடக்‌ஷன் என்ற, படத்தின் பொரியையும் கட்டங்களையும் குறைக்கும் வசதியைச் சோனியின் சில மாடல்களில் இரண்டாகப் பிரித்து வைத்திருக்கிறார்கள்: பழைய ஃபிலிமின் பொரிப்பொரிக்கு 'ரேண்டம்', கேபிள்காரர் படத்தை நெருக்கி அனுப்புவதால் வரும் கட்டங்களுக்கு 'டிஜிட்டல்'. இரண்டாவதைக் குறைந்த அளவில் வைத்துக்கொள்கிறேன், முதலாவதை அணைத்துவிட்டேன். 55 அங்குலத்தில் இவை உச்சத்தில் இருந்தபோது, "எல்லாரும் எண்ணெய் வழிச்சிண்டு வந்து உட்கார்ந்த மாதிரி இருக்கா" என்றார் அம்மா. அதைவிடப் பொருத்தமாக எந்த விமர்சகரும் எழுதி நான் படித்ததில்லை. அசைவை வழவழப்பாக்கும் வசதியையும் சினிமாவுக்கு அணைத்து வைப்பதே என் வழக்கம்.

எல்சிடி திரையின் பேனலில் ஐபிஎஸ், விஏ என்று இரண்டு வகை உண்டு; எது வேண்டும் என்பது நீங்கள் உட்காரும் இடத்தைப் பொறுத்தது. விஏ பேனலில் கறுப்பு நன்றாக இருக்கும்; பக்கவாட்டில் பார்த்தால் நிறம் வெளுக்கும். அம்மா பாதி நேரம் அடுப்படி வாசலில் நின்றபடி பார்ப்பவர் என்பதால் எங்களுக்குப் பக்கவாட்டிலும் நிறம் அதிகம் வெளுக்காத ஐபிஎஸ். இருட்டுக் காட்சிகளில் கறுப்பு சாம்பலாகத் தெரிவது குறைதான். ஆனால் அந்தச் சாம்பல் இருட்டில் நெளியும் கட்டங்களைக் கொஞ்சம் மூடிவிடுகிறது என்பது எதிர்பாராத லாபம்.

55 அங்குலம் இப்போது மாடி அறையில் என்னோடு இருக்கிறது. எச்டியும் ஓடிடியும் பார்க்க இன்றும் நன்றாகவே இருக்கிறது. கீழே 32 அங்குலத்தில் சரி செய்ய முடியாமல் நிற்பவை இரண்டு. கோயில் தேரோட்டத்தின் நேரலையில் வாணவெடி வெடிக்கும்போதும், காவிரியில் ஆடிப்பெருக்குத் தண்ணீரைக் காட்டும்போதும் படம் முழுக்கக் கட்டம் கட்டமாக உடைகிறது. ஒவ்வொரு புள்ளியும் ஒரே நேரத்தில் மாறும் காட்சிக்கு, அனுப்புகிற இடத்திலேயே தகவல் போதவில்லை. டிவியைக் குறை சொல்லிப் பயனில்லை. இன்னொன்று, மென்பொருள் புதுப்பிப்பு வந்த இரண்டு தடவையும் படத்தின் அமைப்புகள் எல்லாம் பழைய 'விவிட்' முறைக்கே திரும்பிவிட்டன. இரண்டாவது தடவைக்குப் பிறகு எண்களை ஒரு தாளில் எழுதி டிவியின் முதுகில் செல்லோடேப் போட்டு ஒட்டிவைத்திருக்கிறேன். அடுத்த முறை அப்பாவே பார்த்து வைத்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறார்.